அம்மா எழுந்து போகாத திருவிருந்து

வண்டலூரில் ரயில்வே கேங்மேன் ஒருவரின் மகளாய்ப் பிறந்து, நர்ஸாக உழைத்து, ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் கண்மூடிய எங்கள் அம்மாவைப் பற்றி, நன்றி ஆராதனைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இளைய மகள் நான் எழுதுகிறேன். ஒரேயடியாகப் புகழ்ந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பா தவறியபோது அக்காவுக்கு எட்டு வயது, எனக்கு ஐந்து. அம்மா யார் வாசலிலும் போய் நிற்காமல் எங்களை ஆளாக்கினார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு கோயிலில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கான திராட்சரசம் எங்கள் வீட்டில்தான் தயாராகும். பன்னீர் திராட்சையைக் கழுவி, வேகவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி வைப்பார். நாங்கள் விரல் வைத்தால் அடி விழும்.

எண்பத்தாறாம் வருடம் அக்கா தன்னோடு வேலை பார்த்த ஓர் இந்துவைப் பதிவு அலுவலகத்தில் மணந்துகொண்டாள். சபை ஒழுங்கின்படி அவளுக்கு இனித் திருவிருந்து இல்லை என்று ஆராதனையிலேயே வாசித்தார்கள். அடுத்த மாதமும் அம்மா ரசம் கொண்டுபோனார். திருவிருந்து வாங்க எங்கள் வரிசை எழுந்தபோது மட்டும் உட்கார்ந்தே இருந்தார். நான் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "நீ போ" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது, ஒளிப்பானேன்.

கமிட்டிப் பெரியவர்கள் இருவர் வீட்டுக்கு வந்து, இது சபைக்கு எதிரான போராட்டமா என்று கேட்டார்கள். அம்மா காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நான் யாரோடவும் சண்டை போடலைங்க. பெரியவளுக்கு இல்லைன்னு சொன்ன பந்தியில எனக்கு எப்படிங்க இறங்கும்?"

ஒன்பது வருடம் அப்படியே போனது. ரசம் மட்டும் ஒரு மாதமும் தவறவில்லை. இதில் வேடிக்கை, அதையும் அம்மாவையும் ஸ்கூட்டரில் கோயில் வாசலில் கொண்டுவந்து விட்டவர் அக்காவை மணந்த அந்த அத்தான்தான்.

போன வருடம் அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். படுக்கையில் விழுந்ததும் புதிதாக வந்த போதகர் ஐயா வீட்டுக்கே திருவிருந்து கொண்டுவந்தார். பெரியவளுக்கும் உண்டா என்று அம்மா கேட்டார். கமிட்டியின் அனுமதி வேண்டும் என்று ஐயா தயங்கினார்.

"அப்ப வாங்கிட்டு வாங்க ஐயா. நான் இருப்பேன்" என்றார் அம்மா. அப்போது அவருக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் ஐயா வந்தார். கமிட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது, பேசட்டும் என்றார். முதலில் அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா அழுதுகொண்டே வாங்கினாள். அவள் விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு அம்மா வாயைத் திறந்தார். இரண்டு நாளில் போய்விட்டார்.

அம்மாவுக்குத் தலைவாரிவிட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், உடன் வேலை பார்த்த நர்ஸுகளுக்கும், பெற்ற மகனாக இருந்து தூக்கிச் சுமந்த அத்தானுக்கும் எங்கள் நன்றி. போதகர் ஐயாவிடம் கமிட்டி எழுத்தில் விளக்கம் கேட்டிருப்பதாக அறிகிறோம். கொடுத்தது அவர், கேட்டது எங்கள் அம்மா. இந்த நினைவு மலரில் ஒரு பிரதி கமிட்டிக்கும் போகிறது. விளக்கம் இதுதான்.