மாத்திரை அரை

காஜா அக்காவுக்கு அந்தப் பெயர் தொழிலால் வந்தது. இருபத்திரண்டு வருடமாக மூன்று தையல் கடைகளின் சட்டைகளுக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, எடுத்துக் கொடுக்கிறாள். வேலையும் வாழ்க்கையும் ஒரே அறையில். கட்டிலையும் அடுப்பையும் விட்டால் மிச்ச இடமெல்லாம் துணி மூட்டை. ஒவ்வொரு மூட்டையிலும் டெய்லரின் சீட்டு குத்தியிருக்கும்: ‘கை மடி’, ‘பட்டி தை’, ‘பொத்தான் மாற்று’. சீட்டில் உள்ளதைச் செய்வாள். எதிர்த்துக் கேட்டால் அடுத்த மூட்டை வேறு வீட்டுக்குப் போய்விடும்.

அறையில் அவளுக்குத் துணை சாம்பல் நிறக் கடுவன் பூனை. பெயர் மேனேஜர். “ஒரு வேலையும் செய்யாம, நான் செய்யறதை மட்டும் உத்துப் பாக்குறானே, வேற என்ன பேரு வைக்கிறது?” என்பாள்.

சண்டையில் கடிபட்டு மேனேஜரின் கன்னம் சீழ் கட்டியது. கூடையில் போட்டு, இரண்டு பஸ் மாறி விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா எடை பார்த்தார், சீழை எடுத்தார், ஆங்கிலத்தில் மருந்துச் சீட்டு எழுதினார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் கம்பவுண்டர் ஏழு மாத்திரைகளைக் கவரில் போட்டு, மேலே ஏதோ கிறுக்கி நீட்டினார்.

“எப்படிக் குடுக்கணும் சார்?”

“கவர்ல இருக்கு பாரும்மா. ஏழு நாள் விடாம குடு. அடுத்த ஆளு!”

கவரில் இருந்தது: ‘மாத்திரை அரை. காலை, மாலை.’

கம்பவுண்டர் எழுதியது அளவு. அவள் படித்தது கட்டளை. கை மடி, பட்டி தை, மாத்திரை அரை. அது அவளுக்கு நியாயமாகவும் பட்டது. எந்தப் பூனை மாத்திரையை அப்படியே விழுங்கும்? இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து மாவாக்கி, வேகவைத்த மீனில் பிசைந்து கொடுத்தாள். காலையில் முழுசாக ஒன்று, மாலையில் முழுசாக ஒன்று.

நான்காம் நாள் கவர் காலி. மறுபடி இரண்டு பஸ்.

“தீந்துடுச்சு சார். நடுவுல வாந்தி வேற எடுத்தான்.”

“மருந்து கொஞ்சம் கடுமைதான். பாதியில விட்டுடாதே, சீழ் திரும்ப வந்துடும்.”

ஏழு நாள் மருந்து நான்கு நாளில் எப்படித் தீர்ந்தது என்று அவர் கேட்கவில்லை. இன்னும் ஏழு கொடுத்தார்.

ஆறாம் நாள் காலை மேனேஜர் நேராக நடந்துபோய்த் தையல் மெஷின் காலில் முட்டிக்கொண்டான். வெயிலில் தூக்கிப் பார்த்தாள். கோடாகச் சுருங்க வேண்டிய கண்மணி வட்டமாக, கறுப்பாக விரிந்தே கிடந்தது.

மருத்துவமனையில் டாக்டரம்மா அவன் கண்ணில் டார்ச் அடித்தார். ஒரு அசைவும் இல்லை. “எவ்வளவு குடுத்தீங்க?”

“எழுதியிருந்தபடிதாம்மா. ஒண்ணு ஒண்ணா அரைச்சு.”

கம்பவுண்டரை வரவழைத்தார்கள். அவர் பாய்ந்தார். “படிக்கத் தெரியாதா உனக்கு?”

“படிச்சேன் சார். அதான் வினையாப் போச்சு.”

இந்த வகை மருந்து அளவு மீறினால் பூனையின் விழித்திரையைக் கெடுத்துவிடும் என்றார் டாக்டரம்மா. “மாத்திரையை நிறுத்திடுங்க. பார்வை திரும்புறது அபூர்வம். வீட்டுல எந்தச் சாமானையும் இடம் மாத்தாதீங்க. பழகிக்குவான்.”

எதிர்வீட்டுக்காரி, “கண்ணு பட்டிருக்கும்” என்றாள். எழுதிய பிறகு அந்தக் கவர்மேல் மருத்துவமனையில் ஒருவர் கண்ணும் படவில்லை என்பதுதான் நடந்த கொடுமை. ‘ஒரு வேளைக்குப் பாதி மாத்திரை’ என்று எழுத எத்தனை நொடி ஆகும்? வாயைத் திறந்து ஒருமுறை சொல்ல? எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாக உழைத்துச் சேர்த்த மருத்துவ அறிவு, அந்த ஜன்னலைத் தாண்டி ஏழையின் கைக்கு வரும்போது இரண்டு சொல்லாக வற்றிவிடுகிறது. அப்புறம் குற்றவாளி யார்? படித்தவள்!

மூன்று வாரம் ஆகிறது. பார்வை வரவில்லை. இனி வராது என்று அவளுக்குத் தெரியும்.

இடம் மாற்றாதே என்றார்கள். மூட்டைகள் தினமும் வருகின்றன, போகின்றன. இன்று அறுபது சட்டை. கதவோரம் தவிர வைக்க இடமில்லை. மேனேஜர் நேற்று காலியாக இருந்த வழியை நம்பி வந்து முட்டி, பின்வாங்கி, மறுபடி முட்டினான்.

“சட்டைடா மேனேஜர். இது சட்டை” என்றாள். நாளைக்கு அதே இடத்தில் எது இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.