அவன் கள்வனாக இருக்க வேண்டும்

யப்பான்காரன் குண்டு போட்ட பிறகு திருகோணமலைப் பட்டினம் பாதி வெறுமையாகிவிட்டது. மனைவியையும் பிள்ளைகளையும் தம்பலகாமத்தில் மச்சான் வீட்டுக்கு அனுப்பினேன். நான் ஆஸ்பத்திரிக் கிளாக்கர். என்னை அரசாங்கம் போக விடவில்லை. துறைமுகம் முழுக்கக் கப்பலும் ஆட்களுமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னேரம் ஆஸ்பத்திரிக் கந்தோரைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் என்னோடு கதைக்க ஒரு சீவன் இருக்காது. குசினியில் நானே சோறு வடித்து, நானே தின்று, நானே கழுவினேன். எனக்குச் சமையல் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடல் கொண்டுவந்து போடும் பிரேதங்களின் கைரேகை எடுக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அதற்குக் கொழும்பில் இரண்டு கிழமை பழக்கியிருந்தார்கள். ஒருநாள் உள்துறைமுகத்தில் ஒருவன் கரையொதுங்கினான். இந்தியாவிலிருந்து வந்த துறைமுகக் கூலி என்று உடுப்பைப் பார்த்துச் சொன்னார்கள். முகத்தை மீன் தின்றிருந்தது. அவனோடு வேலை செய்த கூட்டமும் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்த கையின் தோல் உறை போலக் கழன்று வரும். அந்த விரல்நுனித் தோலை என் விரலில் மாட்டிக்கொண்டு, மை தொட்டு, தாளில் உருட்ட வேண்டும். பத்து விரலையும் அப்படித்தான் உருட்டினேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அருவருப்பால் அல்ல. அத்தனை நாளில் நான் ஒரு மனிதனைத் தொட்டது அதுதான் என்று நினைவு வந்துவிட்டது.

கொழும்பு, மதராஸ், கல்கத்தா என்று மூன்று கைரேகைக் கந்தோருக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பினோம். ரங்கூனுக்கு அனுப்ப வழியில்லை. அது யப்பான்காரன் கையில். இந்தக் கந்தோர்க்காரர் ஒருவரை ஒருவர் கண்டதேயில்லை. ஆனால் எல்லோரும் ரேகையின் சுழியையும் வளையத்தையும் ஒரே முறையில் எண்ணினார்கள். அதனால் இங்கே உருட்டிய விரலை அங்கே தேட முடிந்தது. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அந்த அலுமாரிகளில் இருந்ததெல்லாம் களவு, அடிபிடி என்று மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போனவர்களின் ரேகை. அவன் ஒழுங்காக வாழ்ந்திருந்தால் அவனைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே அவன் கள்வனாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சின்னக் களவு போதும். பெயர் கிடைத்தால் எங்கோ இருக்கிற தாய் தகப்பனுக்கு எழுதலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு என்னைப் பற்றிய பயமும் இருந்தது. அடுத்த குண்டு என் தலையில் விழுந்தால், இது இன்னார் என்று சொல்லப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

கொழும்பு இல்லை என்றது. கல்கத்தாவும் இல்லை என்றது. நாலு மாதம் கழித்து மதராஸிலிருந்து பதில் வந்தது. பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் இருந்தன. இருபது வயதில் கோயில் விளக்கொன்றைக் களவெடுத்து ஆறு மாதம் மறியலில் இருந்தவன். ஆஸ்பத்திரி டொக்டரிடம் சந்தோஷமாக ஓடிப்போய், "கள்வன்தான் ஐயா," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

தகப்பனுக்கு நானே எழுதினேன். களவைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. நல்ல வேலைக்காரன், மரியாதையாக அடக்கம் செய்தோம் என்று எழுதினேன். பதில் ஒரு தபாலட்டையில் வந்தது. விளக்குத் திருடிய அன்றைக்கே அவனைத் தலைமுழுகிவிட்டோம், எங்களுக்கு அப்படியொரு மகன் இல்லை, இனி எழுத வேண்டாம். அவ்வளவுதான்.

அட்டையோடு பொலிஸ் சார்ஜனிடம் போனேன். மரணப் பதிவில் 'பெயர் தெரியாதவர்' என்பதை வெட்டிவிட்டு அவனுடைய பெயரை எழுதக் கேட்டேன்.

"உறவுக்காரர் ஒருத்தர் ஒப்பம் வைக்காட்டி எழுத ஏலாது," என்றார் அவர்.

"ரேகை பொருந்தியிட்டுதே?"

"ரேகை பொலிசுக்குப் போதும், பதிவுக்குக் காணாது. ஆரும் இல்லாட்டி அது அப்பிடியே கிடக்கட்டும்."

மூன்று கந்தோர் கடல் தாண்டித் தேடிய பெயர். எனக்குக் கோபம் வந்தது. தகப்பன் மேலா, சார்ஜன் மேலா என்று தெரியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உறவுக்காரர் ஒப்பம் வைக்கிற பத்திரத்தை வாங்கி என் ஒப்பத்தை வைத்து, உறவுமுறை என்ற இடத்தில் 'அண்ணன்' என்று எழுதினேன்.

சார்ஜனுக்கு என் வீடும் தெரியும், என் சொந்தக்காரரையும் தெரியும். எழுதியதை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்கட தம்பியோ?"

"ஓம்," என்றேன்.