முட்டையைத் தின்றது யார்

எங்கள் தாமான் குடியிருப்பில் தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஆள் ஒருவர்கூடக் கிடையாது. மழை ஏன் பிந்துகிறது, மூன்றாம் வீட்டுப் பெண் ஏன் புருஷனை விட்டுப் போனாள், பூனை ஏன் சுவரைப் பார்த்துக் கத்துகிறது, எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். இந்தக் கூட்டத்தில் நான் மட்டும் உசத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஈப்போவில் ஒரு இடைநிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் உதவியாளராக இருந்தவன். குடுவை கழுவினேன், செத்த தவளையைப் பலகையில் குத்தி வைத்தேன், அவ்வளவுதான். ஆனாலும் ஓய்வு பெற்று வரும்போது விஞ்ஞானத்தையே மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட திமிர்.

வீடு என்றால் என் மனைவியின் வீடு. அப்படித்தான் சொல்ல வேண்டும். அவள் தெலுக் இந்தான் பக்கம் ரப்பர் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். அந்தத் தோட்டம் கைமாறியபோது ஒரு தடவை, அடுத்துப் போன தோட்டத்தை வீடு கட்ட விற்றபோது இன்னொரு தடவை, குடும்பத்தோடு லோரியில் ஏறியவள். "இனிமே செத்தாலும் சட்டி பானைய கட்டி லோரியில ஏத்த மாட்டேன்" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். கையுறை ஃபேக்டரியில் நின்று நின்று கால் வீங்கி, என்னோடு சேர்ந்து வாங்கிய வீடு இது. அவள் சமையல்கட்டுக் கூரையைப் பார்த்து நிற்கும் நிற்பே வேறு மாதிரி இருக்கும்.

தாமான் இருக்கும் இடமும் முன்பு ரப்பர் தோட்டம்தான். மரங்களை வெட்டியவர்கள் பின்சந்தில் சில அடிக்கட்டைகளைத் தோண்டாமல் விட்டுப் போனார்கள். எங்கள் பின்சுவரை ஒட்டியிருந்த கட்டையின் மேல் ஒரு புற்று எழும்பியது. அது முழங்கால் உயரம் வருவதற்குள் பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் துணி சுற்றிவிட்டார். இடுப்பு உயரம் வந்தபோது மேலே தகரக்கூரை, செவ்வாய் வெள்ளிகளில் பாலும் முட்டையும். வைத்த முட்டை கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும்.

"அம்மா சாப்பிட்டுட்டா தம்பி. நாகம் உள்ளதான் இருக்கு," என்பார் அக்கா.

"பாம்பு பால் குடிக்காதுக்கா. இந்தப் புத்துல பாம்பே இல்ல."

"படிச்சவங்களுக்கு இதெல்லாம் புரியாதுலா."

அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. முட்டையைத் தின்பது யார் என்று நிரூபித்து அக்காவின் வாயை அடைத்தே தீருவது என்று முடிவு கட்டினேன். ஒரு நோட்டு போட்டேன். தேதி, மழை, முட்டை இருந்ததா இல்லையா. பிறகு இணையத்தில் ஒரு கேமரா வாங்கித் துணி காயப்போடும் கம்பத்தில் கட்டினேன். ஏதாவது அசைந்தால் தானாகப் படம் பிடிக்கும். சத்தம் மட்டும் பதியாது.

அந்த வாரம்தான் மனைவி முதலில் கூப்பிட்டாள். "ஏங்க, செவுத்துல மண்ணு கோடு கோடா ஏறுது. கறையாங்க இது. கொஞ்சம் வந்து பாருங்க."

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "சுவத்துல ஈரம் ஏறுது," என்றேன். அக்காவோ, "அம்மா வீட்டுக்குள்ள வரப் பாக்குறா, தொடைக்காதே," என்றார். இரண்டு மேதைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் தினமும் காலையில் பழைய கரண்டியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடலாம் என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். புற்றுப் பக்கம் விஷம் அடித்தால் குடும்பம் விளங்காது என்று அக்கா குதித்தார். நானும் வேண்டாம் என்றேன். மருந்தடித்தால் என் சோதனை கெட்டுவிடுமாம்!

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து பதினாலுக்குத் திருடன் மாட்டினான். ஒரு பெரிய உடும்பு. சாவகாசமாக வந்து, முட்டையைக் கவ்விக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கியது. அரை ஓட்டமாகப் போய் அக்காவிடம் கைப்பேசியை நீட்டினேன்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா இன்னைக்கு உடும்பா வந்துருக்கா பாரேன்!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தாமான் வாட்சாப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டேன். நாலு பேருக்காவது புத்தி வரட்டும் என்றுதான். மறுநாள் ஒரு டஜன் பேர் பூவும் பழமுமாகப் பின்சந்துக்கு வந்தார்கள். படத்தில் தெரிந்த நேரத்தை வைத்துப் பாதித் தாமான் லாட்டரி நம்பர் எடுத்தது. விழவில்லை. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். இந்த மனிதர்களைத் திருத்தவே முடியாது என்று மனைவியிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அவள் கரண்டியோடு எழுந்து பின்னால் போனாள்.

இரண்டு வாரம் கழித்து, அவள் வாசலில் மீன்காரரிடம் நின்றிருந்தபோது, சமையல்கட்டுக் கூரை இறங்கியது. மருந்தடிக்கிற சீனர் வந்து, மிச்சமிருந்த உத்தரத்தில் திருப்புளியால் குத்தினார். தேநீரில் ஊறிய பிஸ்கட்டில் போவது போல உள்ளே போயிற்று. முன்கூடம் வரைக்கும் அதே கதி. பின்பக்கம் எட்டிப் பார்த்தவர் மலாயில் கேட்டார்: "அங்கிள், இவ்வளவு பெரிய புற்று சுவரோடு ஒட்டி இருக்கிறதே. இதைக் கட்டியது என்ன என்று யாருமே யோசிக்கவில்லையா?"

யோசிக்கவில்லை. பாம்பு இருக்கிறது என்று அக்கா சொன்னார், இல்லை என்று நான் சொன்னேன். புற்றுக்குள் கறையான் இருக்கும் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. படம் எடுத்து அம்மனை அவமானப்படுத்தியதற்குத் தண்டனை என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறார். முன்பென்றால் சிரித்திருப்பேன்.

கூரை முழுவதையும் பிரிக்க வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கமுந்திங்கில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

லோரி வந்த காலையில் கம்பத்திலிருந்து கேமராவைக் கழற்றியபோது, அந்த வெள்ளிக்கிழமைப் படத்தை ஒரு தடவை ஆரம்பத்திலிருந்து ஓட்டினேன். உடும்புக்குக் கால்மணி நேரம் முன்னால் அவள் வருகிறாள். சுவரைச் சுரண்டுகிறாள். பிறகு நேராகக் கேமராவுக்கு முன்னால் வந்து, கதவு நிலையிலிருந்து பெயர்ந்த ஒரு மரத்துண்டைத் தூக்கிக் காட்டி, இரண்டு விரலால் நசுக்கித் தூளாக்குகிறாள். வாய் அசைகிறது. என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தவள், இதையாவது பார்ப்பேன் என்று நினைத்திருக்கிறாள்.

அன்றைக்கும் அதைப் பார்த்தேன். முட்டையை மறைக்கிறாளே என்று எரிச்சல்பட்டு ஓட்டித் தள்ளியது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வாசலிலிருந்து அவள் குரல் வந்தது. "சட்டி பானையெல்லாம் ஏத்தியாச்சு. வாங்க."