கதவின் நடுவில் ஒட்டிய காகிதம்

பெரியவனே, நீ அனுப்பிய நோட்டீஸ் வந்து சேர்ந்தது. கடத்தூர் வீட்டில் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்வதற்கு என் கையெழுத்து வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வீட்டுக்கு நோட்டீஸ் கொடுப்பது இது முதல் தடவை அல்ல. நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுதுவதில் முன்பின் இருக்கும். உன் தங்கைகளும் இதைப் படிக்கட்டும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நீங்கள் யாரும் பிறக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு வண்டிக்காரர் குடியிருந்தார். புளி, நிலக்கடலை மூட்டைகளைச் சேலத்துக்கு ஏற்றிப் போவார். மனைவியும், இரண்டரை வயதில் ஒரு பையனும். பையனுக்கு அப்பாவைப் போல வண்டி ஓட்ட வேண்டும். தெருக்கதவின் நாதாங்கியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கதவை முன்னும் பின்னும் ஆட்டி, நாக்கைச் சொடுக்கி மாட்டை விரட்டுவான். நான் போனால், "மாமா, ஏறிக்கோ" என்பான்.

அந்த வருஷம் கோலார் தங்கவயலில் உங்கள் பெரியப்பாவின் காலில் பாறை விழுந்தது. வேலை போயிற்று. மனைவி, நாலு பிள்ளைகளோடு ஆனிக் கடைசியில் ஊருக்கே வந்துவிடுவதாகக் கடிதம் போட்டிருந்தார். அவருக்கு அந்த வீட்டை விட்டால் வேறு இடமில்லை. வைகாசியிலேயே வண்டிக்காரரிடம் வாய்ச்சொல்லாகச் சொன்னேன். "அண்ணன் சொன்னா சரிதானுங்க, எடம் பாக்கறனுங்க" என்றார். பார்த்துக்கொண்டும் இருந்தார். நான்தான் அந்தச் சொல்லை நம்பவில்லை. ஆடி பிறந்தால் யாரும் குடி மாற மாட்டார்கள், யுத்தக் காலத்தில் ஒட்டிக்கொண்ட குடியைக் கிளப்ப முடியாது என்று நாலு பேர் சொன்னதை நம்பினேன்.

தருமபுரியில் ஒரு வக்கீலிடம் போனேன். அவர் விதியைச் சொன்னார். எழுத்தில் கொடுக்க வேண்டும். பதினைந்து நாள் அவகாசம் வேண்டும். அந்த அவகாசம், குடிவந்த மாதக் கணக்குப்படி மாதம் முடிகிற நாளில் முடிய வேண்டும். ஆள் கையில் கொடு. ஆள் இல்லாவிட்டால் வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் கொடு. அதுவும் நடக்காவிட்டால் கண்ணில் படும் இடத்தில் ஒட்டு என்றார். அவர்கள் குடிவந்தது தை முதல் தேதி. அதனால் ஆனி பாதிக்குள் கொடுத்தால்தான் ஆனிக் கடைசியில் காலி செய்யச் சொல்லலாம். ஒரு நாள் தவறினாலும் ஆடிக் கடைசிக்குப் போய்விடும்.

நோட்டீஸ் என் கைக்கு வந்ததே கடைசி நாளில்தான். சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டிக்காரர் சேலம் போயிருந்தார். அந்தப் பெண் கதவை ஒருக்களித்து நின்று, "அவுரு இல்லாதப்ப நான் எதையும் கையில வாங்க மாட்டனுங்க அண்ணா. நாளைக்கி வந்துருவாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது. மரியாதையாகத்தான் சொன்னது. ஆனால் நாளை என்பது எனக்கு ஆடிக் கடைசியாக இருந்தது.

பக்கத்து வீட்டில் கேழ்வரகுக் கூழ் கொஞ்சம் வாங்கிப் பசையாகத் தடவினேன். காகிதம் அகலம். இரட்டைக் கதவில் ஒவ்வொன்றும் குறுகல். ஒன்றில் அடங்கவில்லை. இரண்டும் சேரும் இடத்தில், நடுவில் வைத்து ஒட்டினேன். ஒட்டிவிட்டுக் கதவைப் பார்த்துச் சொன்னேன்:

"கோர்ட்டு சமாச்சாரம். யாரும் கை வெக்கக் கூடாது. கிழிஞ்சா உங்க வண்டி மாட்டு மேல கேசு வரும்."

இதை வக்கீல் சொல்லித் தரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு வரவே இல்லை என்பார்களோ என்ற பயத்தில் நானாகச் சொன்னது. உள்ளேயிருந்து, "சரிங்கண்ணா" என்று மட்டும் கேட்டது.

ஒட்டியதை வக்கீலிடம் சொல்ல மறுநாள் முதல் பஸ்ஸில் தருமபுரி போனேன். பெட்ரோல் கிடைக்காததால் கரி போட்டு ஓட்டும் பஸ். அது கிளம்பிய நேரத்தில் அந்த வீட்டில் பையனுக்குக் காய்ச்சலில் கைகால் வெட்டி இழுப்பு வந்திருக்கிறது. இது பிறகு தெரிந்தது. அந்த வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. கதவைத் திறந்தால் காகிதம் கிழியும். பக்கத்து வீட்டு அம்மாள் நம் வீட்டுக்கு ஓடி வந்து, திறக்கலாமா என்று கேட்டிருக்கிறார். உங்கள் அம்மாவுக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டுக்காரர் வந்துதான் எடுக்க வேண்டும், சாயங்காலம் வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறாள். தெருப் பெண்கள் ஜன்னல் கம்பி வழியாகக் கஷாயம் கொடுத்தார்கள், ஈரத்துணி கொடுத்தார்கள். ஒருவரும் காகிதத்தைத் தொடவில்லை. அவர்களைக் குறை சொல்லாதீர்கள். அந்த நாளில் காகிதம் என்று வந்தால் வீட்டிலிருந்து எதையாவது எடுத்துப் போகத்தான் வரும்.

தருமபுரியில் வக்கீல் நல்ல குஷியில் இருந்தார். காகிதம் கிழிந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டேன். "ஒட்டுனதோட அதோட வேலை முடிஞ்சுது. இனி காத்துல பறந்தா என்னய்யா, ஆடு தின்னா என்ன?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஓட்டலில் சாப்பிட்டேன். ஒரு மரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கக்கூடச் செய்தேன்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வண்டிக்காரர் எதிரில் நின்றார். ஊருக்கு வந்து அரை மணிகூட ஆகவில்லை. மாட்டைக்கூட அவிழ்க்கவில்லை. அவர் மனைவி ஜன்னலில் நின்று, அண்ணனைக் கேட்காமல் கதவைத் தொடாதே, மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அழுதிருக்கிறது. தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அண்ணா, அந்தக் காயிதத்தக் கொஞ்சம் எடுத்து வுடறீங்களா? கொழந்தைக்கு முடியலைங்க."

ஓடினேன். காகிதத்தை உரிக்கப் பார்த்தேன். கூழ் காய்ந்து இறுகியிருந்தது. பிறகு கதவைத் தள்ளினேன். சர் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அந்தப் பையன் நாதாங்கியைப் பிடித்து ஆட்டியிருந்தால்கூடக் கிழிந்திருக்கும்.

வண்டியில் வைக்கோலைப் பரப்பிப் பையனைக் கிடத்திக்கொண்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். நானும் ஏறிக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே குழந்தையின் உடம்பு குளிர்ந்துவிட்டது. அந்தப் பெண் குழந்தையின் முகத்தை முந்தானையால் துடைத்தது. பிறகு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னது.

"நான் காயிதத்தத் தொடவே இல்லைங்கண்ணா."

காலை பஸ்ஸில் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பானா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் ஒரு டாக்டரையும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

நோட்டீஸில் இருந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே அவர்கள் காலி செய்துவிட்டார்கள். வீட்டைச் சாணம் தெளித்து மெழுகி, கதவில் ஒட்டியிருந்த துண்டுகளைத் தண்ணீர் விட்டுச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார் வண்டிக்காரர். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். கம்பைநல்லூர் பக்கம் என்றார். பெரியப்பா குடும்பம் ஆனி முடிவதற்குள் வந்து பால் காய்ச்சியது. உங்கள் அம்மா வரவில்லை. சாகும்வரை அந்தத் தெருவில் அவள் கால் வைக்கவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றியிருக்கிறேன்.

பெரியவனே, வீடு உனக்குத் தேவை என்பது நியாயம்தான். இப்போது விதிகளும் வேறு, நீ என்னைவிட அறிந்தவன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நோட்டீஸை மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. இரண்டு பேரும் நேரில் போய் வாயால் சொல்வோம். குடியிருப்பவர் என்ன சொல்கிறார் என்று உட்கார்ந்து கேட்போம். வீட்டில் ஆண், பெண், பிள்ளைகள் எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்து, கதவு திறந்திருக்கும்போது போவோம்.