முயல் கூண்டின் சணல் கயிறு

பூட்டுக்காரர் வீட்டு நாய் அதே வீட்டு முயல் கூண்டுக்குள் புகுந்து ஒரு முயலைக் கொன்று, இன்னொன்றின் காதைக் கடித்துவிட்டது. அவர் நாயைத் தனி அறையில் அடைத்துவிட்டு, பிழைத்த முயலைத் துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் ஓடினார். திரும்பி வந்தால், நாய் இருந்த அறை வாசலில் மனைவி விளக்குமாறும் கையுமாக நின்றாள். அவர் குறுக்கே போய் நின்றார்.

"நகருங்க. நாலு சாத்து சாத்தினாத்தான் புத்தி வரும்."

"பொறு. புத்தி வர வேண்டியது அதுக்கில்ல. ஊரு வீட்டுக்கெல்லாம் பூட்டு மாட்டுறவன், நம்ம கூண்டுக் கதவ மூணு மாசமா சணல் கயித்தால கட்டி வச்சிருந்தேன்."

கூண்டை மாடி அறைக்குத் தூக்கினார். கூண்டுக்கு ஒரு பூட்டு, அறைக்கு ஒரு பூட்டு போட்டு, இரண்டையும் இழுத்துப் பார்த்தார். பிறகு மனைவிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"இப்ப சாத்து."