மேலே வரும் வரைக்கும்

கோஷம் போடுவதில் எங்கள் கோலார் தங்கவயல்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஒருநாள் காலை முழுக்கப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வாயே திறக்காமல் நின்றபோது எனக்குப் பெருத்த ஏமாற்றமாக இருந்தது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. கொடி பிடிக்கலாம் என்ற ஆசையில் பாவாடையெல்லாம் மாற்றிக்கொண்டு போயிருந்தேன்.

விஷயம், யாழ்ப்பாணத்து அக்காவைப் பற்றியது. ஸ்கெலட்டன் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டு வரிசையில் அடுத்த வீட்டுக்குக் குடிவந்திருந்தாள். கணவனைச் சண்டையில் பறிகொடுத்துவிட்டு, என் வயது மகளோடு படகேறி வந்தவள். எங்கள் வீட்டு ஜாக்கெட்டுகளையெல்லாம் அவள்தான் தைத்தாள். அவள் கையில் சரியான காகிதம் ஒன்றும் கிடையாது. விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்ததும், அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு லைன் முழுக்கப் பரவிவிட்டது. அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அக்காவுக்குத் துணையாக ஸ்டேஷனுக்குள் சித்தி போனாள். சித்தி கன்னடத்தில் பேச ஆரம்பித்தால் பஸ் கண்டக்டர்களே சில்லறையைத் தேடி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே நுழையுமுன் வாசலில் அக்கா குனிந்து மகளிடம், "பயப்பிடாதை, நான் வந்திடுவன்" என்றாள். அவள் குரலில்தான் பயம் இருந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மற்றவர்கள் நின்றார்கள். பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டிய அப்பா லீவு போட்டுவிட்டு நின்றார். அம்மா அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் வந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வெளியே வந்து கன்னடமும் தமிழுமாகக் கேட்டார்.

"ஏன்ரீ இது? லீடர் யாரு? டிமாண்ட் இன்னா?"

"லீடரும் இல்ல, டிமாண்டும் இல்ல சார்" என்றார் மாமா. "எங்க லைன் ஆளு ஒருத்தர் உள்ள இருக்காங்க. வந்ததும் போயிடுவோம்."

வாசலில் கூட்டம் போடக்கூடாது என்றார் போலீஸ்காரர். உடனே எல்லாரும் மரியாதையாகச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்கள். இதில் என்ன குற்றம் கண்டுபிடிப்பது என்று தெரியாமல் அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தபடி உள்ளே போய்விட்டார்.

வெயில் ஏறிற்று. அக்காவின் மகள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "உள்ள போன ஆக்கள் திரும்பி வருவினமோ?"

"எங்க லைன்ல போனவங்க எல்லாரும் வந்துடுவாங்க" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. அம்மா பக்கத்திலேயே நின்றாள். இப்படி அளந்துவிட்டதற்குத் தலையில் ஒரு குட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை.

உள்ளே நடந்ததைச் சித்தி பிற்பாடு நடித்தே காட்டினாள். இந்தம்மாவுக்கு இங்கே யார் பொறுப்பு என்று அதிகாரி கேட்டாராம். சித்தி ஒன்றும் பேசாமல் ஜன்னலைக் காட்டினாளாம். அவர் எழுந்துபோய் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மேலிடத்து முடிவு வரும்வரை இங்கேயே இருக்கட்டும், மாதாமாதம் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்.

அக்கா வெளியே வந்தாள். மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். அப்பாடா என்று எனக்கே உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மாமா எல்லாருக்கும் டீயும் பன்னும் வாங்கப் போனார். அம்மா மட்டும் அக்காவை இறுகக் கட்டிக்கொண்டு, "வந்துட்டியா... மேல வந்துட்டியா" என்று விக்கி விக்கி அழுதாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்வந்தவள் அம்மாவின் முதுகைத் தடவிச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் பன்னைத் தின்றேன்.

சுரங்கத்தை மூடிய பிறகு பிறந்தவள் நான். உள்ளே பாறை சரிந்தால் லைனே போய் சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாசலில் நிற்கும் என்பதும், ஆட்களை மேலே ஏற்றிவரும் கேஜின் மணி காதில் விழ வேண்டும் என்று யாரும் பேசமாட்டார்கள் என்பதும், கடைசி ஆள் மேலே வரும்வரை ஒருவரும் வீடு திரும்பமாட்டார்கள் என்பதும் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அம்மாவும் சின்னப் பெண்ணாக அங்கே நின்றிருக்கிறாள், தன் அப்பாவுக்காக. கேஜ் மேலே வந்தது. தாத்தா வரவில்லை.

எங்கள் லைனில் போனவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று நான் சொன்னதை அம்மா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அந்தக் குழந்தைக்கு முன்னால் அவள் என்னைத் திருத்தவில்லை.