மஞ்ச பஸ் போயிடுச்சா?

போன வருஷம் கோடையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது இது. நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் டிரைவ் பண்ணினால் ஒரு பெரிய பார்க் வரும். அந்தப் புல்வெளியில் என் உசிரே ஒரு நிமிஷம் நின்று போய்த் திரும்ப வந்தது. 

என் மகள் ஆஸ்திரேலியன் ஃபுட்பால் விளையாடுகிறாள். ஆமாங்க, சரியாகத்தான் படித்தீர்கள். காலேஜில் கூடப் படித்த ஒருத்தி சும்மா வா என்று கூட்டிக்கொண்டு போனாள். அதோடு சரி, வேலைக்குப் போன பிறகும் இவள் விடவில்லை. உலகம் பூராவும் விளையாடுகிற ஃபுட்பால்தானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். முதல் மேட்ச் பார்க்கப் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. தலைக்கு ஹெல்மெட் கிடையாது, தோளுக்கு ஒன்றும் கிடையாது. கையில்லாத பனியன், அரை டிரவுசர், பல்லுக்கு ஒரு ரப்பர் கவசம், அவ்வளவுதான். உரித்த தேங்காய் மாதிரி ஒரு பந்து. அதை உதைக்கலாம், கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். பந்து வைத்திருப்பவளைக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்க்கலாம். பந்து மேலே வந்தால் அடுத்தவள் முதுகில் முட்டி வைத்து ஏறிப் பிடிக்கலாம்! அது தப்பே இல்லையாம். "அடிப்பாவி, இதுக்கா உன்னை பரதநாட்டியம் கிளாசுக்கு அனுப்பினேன்" என்று அன்றைக்கு முக்கால்வாசி நேரம் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் பாருங்கள், இரண்டு மூன்று மேட்ச் போனதும் எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. கோல் எது, கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு பாயின்ட் எது என்று எல்லாம் அத்துப்படி. டீம் முழுசுக்கும் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போவேன். எல்லைக்கோட்டில் நின்று "விடாத கண்ணு! புடி! புடி!" என்று நான் போடுகிற சத்தத்தில் நாய் கூட்டிக்கொண்டு வாக்கிங் வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் மடக்கு நாற்காலியைப் பத்து அடி தள்ளிப் போட்டுக்கொண்டு, இந்தம்மாவை எனக்குத் தெரியாது என்கிற மாதிரி ஃபிளாஸ்கில் இருந்து டீ ஊற்றிக் குடிப்பார்.

மகளோடு எனக்கு ஒரே ஒரு சண்டைதான். தமிழ். மூன்று வயசு, நாலு வயசில் கிளி மாதிரி தமிழ் பேசியவள் அவள். ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்து ஒரு வருஷத்தில் எல்லாம் காணாமல் போய்விட்டது. நாம் பேசுவது புரியும், ஆனால் பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். வார விடுமுறைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினேன், கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன். "தமிழ்ல சொல்லு, தமிழ்ல சொல்லு" என்று நான் சொல்லாத நாள் இல்லை. "அம்மா, யூ அண்டர்ஸ்டாண்ட் மீ, ரைட்?" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. மொத்தம் நாலு பகுதி ஆட்டம், இரண்டாவது பகுதி முடியப் போகிற நேரம். ஒரு பந்தைப் பிடிக்க என் மகள் எகிறினாள், கீழே இருந்த இன்னொருத்தி நகர்ந்துவிட்டாள். இவள் மல்லாக்க வந்து விழுந்தாள். தலை தரையில் பட்டதை நான் பார்த்தேன். "ஐயோ" என்று எழுந்தேன். அதற்குள் அவளே எழுந்து, எங்கள் பக்கம் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க, எப்படி எந்திரிச்சா பாருங்க!" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

இடைவேளையில் கோட்டோரம் வந்து நின்றாள். எங்கள் டீம் கொஞ்சம் பின்தங்கி இருந்தது. "ஹூ'ஸ் வின்னிங்?" என்றாள். சொன்னேன். தண்ணீர் குடித்தாள். "ஹூ'ஸ் வின்னிங்?" என்றாள் மறுபடியும். சத்தத்தில் காதில் விழவில்லை போல என்று நானும் மறுபடி சொன்னேன். என் கைப்பையில் எப்போதும் எங்கள் ஊர் அம்மன் கோயில் குங்குமம் ஒரு சின்ன டப்பாவில் இருக்கும். ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊர். பரீட்சை என்றாலும் சரி, விசா இன்டர்வியூ என்றாலும் சரி, எங்களுக்கு நெற்றியில் அது இல்லாமல் ஆகாது. மற்ற நாள் என்றால் "அம்மா, நாட் ஹியர்!" என்று நாலு அடி ஓடுவாள். அன்றைக்கு அசையாமல் நின்று கண்ணை மூடித் தலையைக் குனிந்து கொடுத்தாள். அடடா, பிள்ளைக்கு இப்போதாவது பக்தி வந்ததே என்று கட்டைவிரல் நிறைய எடுத்து நல்லா அப்பிவிட்டேன். அவள் ஏன் அப்படி அடங்கி நின்றாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது பகுதி ஆரம்பிக்கும் முன்னால் ஒரு பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். திடீரென்று விசில். அம்பயர் பெண் என் மகளைக் கைகாட்டி நிறுத்தினாள். இவள் எங்கள் பக்கம் திரும்பினாள். மூக்கு, கன்னம், கழுத்து, பனியன் எல்லாம் சிவப்பு. சிவப்பாக ஒழுகிக்கொண்டிருக்கிறது! "ஐயோ சாமி, என் புள்ளை!" என்று கத்திக்கொண்டு ஆட்டக்களத்துக்குள்ளேயே ஓடிவிட்டேன். ஒரு செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. இந்த ஆட்டத்தில் உடம்பில் ரத்தம் தெரிந்தால் உடனே வெளியே போய்விட வேண்டும். துடைத்துக் கட்டுப் போட்ட பிறகுதான் திரும்ப உள்ளே விடுவார்கள். அதனால் அம்பயர் அவளை வெளியே அனுப்பியிருந்தாள்.

எங்கள் டீமில் முதலுதவி பார்ப்பவர் அன்றைக்கு வரவில்லை. எதிர் டீமுக்கு வந்திருந்த பெண்தான் கையுறை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். உயரமாக, வெயிலில் சிவந்த முகத்தோடு ஒரு ஆஸ்திரேலியப் பெண். மகளை உட்கார வைத்து, ஈரத் துணியால் துடைத்தார். துடைத்தார், துடைத்தார், காயத்தைக் காணோம். துணியை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கட்டைவிரலைப் பார்த்தேன். அதுவும் அதே சிவப்பு.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நோ பிளட், நோ பிளட்! குங்குமம்! ஜஸ்ட் பவுடர்! காட்'ஸ் பவுடர்!" என்று கத்தினேன். சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் கோச் தலையில் கை வைத்துக்கொண்டு, சரி, முகத்தைக் கழுவிவிட்டு உள்ளே போ என்றார். என் வீட்டுக்காரர்கூட நாற்காலியை விட்டு எழுந்து வந்து சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்த ஆஸ்திரேலியப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவும் இல்லை. ஏனென்றால், இவ்வளவு கூத்துக்கும் என் மகளும் சிரிக்கவில்லை. அதை அவர் கவனித்திருக்கிறார். பெற்றவள் நான் கவனிக்கவில்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எதிர் டீம்காரி, எங்கள் நல்ல ஆட்டக்காரியை வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. "ஷி இஸ் ஃபைன், ப்ளீஸ், லெட் ஹர் பிளே!" என்று கெஞ்சலும் கோபமுமாகச் சொன்னேன். மகளின் முதுகில் கை வைத்து, "எந்திரி கண்ணு, போ, டைம் போகுது" என்று தள்ளியும் விட்டேன். என் கையால் தள்ளினேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளுக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார். இது என்ன இடம்? இன்றைக்கு யாரோடு விளையாடுகிறோம்? கடைசியாக கோல் போட்டது யார்?

என் மகள் அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, மஞ்ச பஸ் போயிடுச்சா? நீயே கொண்டு போயி உடறியா?"

தமிழில். சுத்தமான தமிழில். எங்கள் ஊர் இழுவையோடு, கிண்டர்கார்ட்டனுக்குக் கிளம்புகிற காலத்தில் பேசுவாளே, அந்தத் தமிழில். இத்தனை வருஷம் எதைக் கேட்கக் கெஞ்சினேனோ அது காதில் விழுந்தது. தள்ளிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

என்ன சொன்னாள் என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார்.  என் வீட்டுக்காரர்தான், ஸ்கூல் பஸ் போய்விட்டதா என்று கேட்கிறாள் என்று இங்கிலீஷில் சொன்னார். அவ்வளவுதான், அந்தப் பெண் திரும்பி ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார். கூப்பிட்டு முடிப்பதற்குள் என் மகள் வாந்தி எடுத்தாள். சாய்ந்தவளைத் தன் இரண்டு கைகளிலும் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார் அவர். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கைகள் அசையவில்லை. 

மண்டைக்குள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துச் சொன்னார்கள். ஆபரேஷன் தேவைப்படாது, ஆனால் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். அதே தலையோடு இன்னும் ஒரு தடவை விழுந்திருந்தால் என்று நான் கேட்க ஆரம்பித்தேன். அவர், "குட் திங் ஷி வாஸ் புல்டு அவுட்" என்று மட்டும் சொன்னார்.  ரத்தம் இல்லை, ரத்தம் இல்லை என்று ஊரைக் கூட்டிக் கத்தினேனே! ரத்தம் உள்ளே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை வரை அவள் பக்கத்திலேயே இருந்தேன். நர்ஸ் வந்து எழுப்பும்போதெல்லாம் ஏதோ முனகினாள், ஒன்றும் பிடிபடவில்லை. தமிழில் பேசிவிடக் கூடாதே, அம்மா தாயே, தமிழில் பேசிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு வேண்டுதல் எந்தத் தமிழ்த் தாயாவது வைத்திருப்பாளா! விடிந்ததும் மனசு கேட்கவில்லை. அதே டப்பாவிலிருந்து துளியூண்டு குங்குமம் எடுத்து அவள் நெற்றியில் வைத்தேன். கண்ணைத் திறந்தாள். விரலால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள்.

"ஓ மை காட், அம்மா. சீரியஸ்லி? அகெய்ன்?"

நான் கோவென்று அழுதுவிட்டேன். வெளியே நின்ற நர்ஸ் பதறி ஓடிவந்தார். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது நன்றாக இருக்கிறாள். விளையாட இன்னும் டாக்டர் விடவில்லை. இந்த வருஷம் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, கோல் விழுந்ததைக் காட்டும் கொடி அசைக்கிறாள். அந்த ஆஸ்திரேலியப் பெண்ணை அடுத்த மேட்சில் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டேன். பேசத் தெரியாமல் எலுமிச்சை சாத டப்பாவைக் கையில் திணித்தேன். தெரிந்தவர்கள் எல்லாம், அம்மன் குங்குமம்தான் பிள்ளையைக் காப்பாற்றியது என்கிறார்கள். நானும் இல்லை என்று சொல்ல மாட்டேன், அவளை வெளியே கொண்டுவந்தது குங்குமம்தான். ஆனால் வெளியே வந்தவளைத் திரும்ப உள்ளே தள்ளியது என் கை, போகவிடாமல் பிடித்தது யாரோ ஒரு எதிர் டீம்காரியின் கை.

"தமிழ்ல சொல்லு" என்று அதற்கப்புறம் ஒருநாளும் நான் அவளிடம் கேட்டதில்லை. தினம் சாயங்காலம் வேலை முடிந்ததும் போன் பண்ணி, நான் என்ன சொன்னாலும் வெடுக்கென்று இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் என் பெண் முழுசாக என்னிடம் திரும்பி வந்துவிட்டாள் என்றுதான் என் காதில் விழுகிறது.